போணிக்காரன் போட்ட பாட்டு

பார்சிப்பனி, நியூ ஜெர்ஸி
15 ஆகஸ்ட் 1998

அன்புள்ள செல்விக்கு,

நலம். நீயும் ஓவியாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் சண்டை வந்துவிடுகிறது, பாதியில் நீயோ நானோ வைத்துவிடுகிறோம். காகிதத்தில் சண்டை போட்டால் கடைசிவரை கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று நம் பெண் சொன்ன யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆகவே இந்தக் கடிதம்.

முதலில் ஒரு விசித்திரம். இன்று ஐசலினில் வாரத்துக்கு வேண்டிய சாமான் வாங்கிக்கொண்டு, ஹெட்போன் ஒன்று வாங்கலாம் என்று பக்கத்து மாலில் ஒரு மியூசிக் கடைக்குள் நுழைந்தேன். வாசலிலேயே ஆள் உயரத்துக்கு ஒரு போஸ்டர். அதில் நம் கடைச் சுவர். விளையாட்டு இல்லை, நம் கடைச் சுவரேதான். மஞ்சள் பெயின்ட், ஓரத்தில் உடைந்த செங்கல், நடுவில் நான் சிவப்பு பெயின்டில் எழுதின ‘நோ லாய்ட்டரிங்’ போர்டு. இங்கே சும்மா நிற்காதே என்று ஊருக்கு எச்சரிக்கை எழுதப்போய், இடம் போதாமல் கடைசி எழுத்தைக் கீழே இறக்கி எழுதி, அதற்கு நீ ஒரு வாரம் சிரித்தாயே, அந்த எழுத்து அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது.

போர்டுக்குக் கீழே ஒருவன் கை கட்டிக்கொண்டு நிற்கிறான். ஆல்பத்தின் பெயரே ‘நோ லாய்ட்டரிங்’தானாம். கேங்ஸ்டா ராப். பாடுகிறவன் தன்னை டெட்போல்ட் என்று சொல்லிக்கொள்கிறான், கதவின் பெரிய தாழ்ப்பாள். நாடு முழுக்க விற்கிறதாம். கவுன்ட்டரில் இருந்த பையனிடம் "அந்த எழுத்து நான் எழுதினது" என்றேன். "ஷ்யூர், சார்" என்றான். அந்த "ஷ்யூர்" எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும்.

இதற்கெல்லாம் நீ அனுமதி கொடுத்தாயா? ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

இரண்டாவது, பழைய பேச்சுதான், கோபப்படாதே. டிசம்பர் கடைசியில் கடையின் லீஸ் முடிகிறது. இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதே. வாங்கிக்கொள்ள கந்தசாமி தயாராக இருக்கிறான். இங்கே ஆபீஸில் எனக்கு நல்ல பெயர். 2000 வந்தால் பழைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று கம்பெனிக்காரர்கள் நடுங்குகிறார்கள், அந்த நடுக்கத்தில் நம் அடுப்பு எரியும். துப்பாக்கி வெடிக்கிற தெருவில் நீயும் பெண்ணும், ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளி நான். இது குடும்பமா? லீஸில் நீ கையெழுத்துப் போட்டால் அதையே எனக்கான பதிலாக எடுத்துக்கொள்வேன்.

நீ எப்படி இருக்கிறாய்? முழங்கால் வலி குறைந்ததா?

உன்
குமாரசாமி


ஹூஸ்டன், டெக்சஸ்
24 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பற்றி ஒரு பக்கம், கடையை விற்பது பற்றி ஒரு பக்கம், என் முழங்காலுக்கு ஒரு வரி. சந்தோஷம். முழங்கால் நலம், உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது.

போட்டோ விஷயம் இதுதான். ஏப்ரலில் மூன்று பேர் கேமராவோடு வந்து, "மேம், இந்தச் சுவர எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்கள். சுவர்தானே, எடுத்தால் தேய்ந்தா போகும் என்று சரி சொன்னேன். காலண்டருக்கு என்று நினைத்து, வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கீழே நிற்கிறவனை உங்களுக்கு அடையாளம் தெரியவில்லையா? மார்லன் அத்தான், நம்ம மார்லன்! பிரெட் ஃபாக்டரியில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து, கடை திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் நெடுநெடுவென்று வந்து நிற்பானே. ஒரு சின்னப் பால், ஒரு ஹனி பன். நாலு வருஷம் என் போணிக்காரன் அவன்தானே.

அவன் கைராசியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம். விருதுநகரில் எங்கள் அப்பா கடையில் எத்தனையோ பேர் போணி பண்ணிப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. அவன் முதல் டாலரைக் கொடுத்த நாளில் ஒரு நாள்கூடக் கல்லா ஏமாற்றியதில்லை. அதனால்தான் அவனுக்கு முன்னால் யார் வந்து நின்றாலும் "மெஷின் நாட் ரெடி" என்று நிறுத்திவைப்பேன். அவன் நோட்டை வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றி, கல்லாவில் போட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு வியாபாரம். நீங்கள் ஒரு நாள் டார்ச் லைட்டுக்கு பாட்டரி வாங்குகிறேன் என்று போணி பண்ணினீர்களே, அன்றைக்கு ஃப்ரீஸர் கெட்டு ஐஸ்கிரீம் எல்லாம் தெருவரைக்கும் ஓடியதே, மறந்துபோச்சா? அதற்கப்புறம் அவன் வரும்வரை உங்களைக் கல்லாப் பக்கமே நான் விட்டதில்லை. முறைக்காதீர்கள்.

போன வருஷம் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டான். வேறு ஊருக்குப் போய்விட்டான் என்று நினைத்தேன். பார்த்தால் பாட்டுப் போட்டிருக்கிறான்.

ஓவியா காசு கொடுத்து வாங்கிவந்து எனக்குப் போட்டுக்காட்டினாள். கெட்ட வார்த்தை எண்ணி மாளாது. முதல் பாட்டிலேயே "போதும், நிறுத்துடீ" என்றேன். "அம்மா, ஜஸ்ட் லிஸன்" என்று வரிவரியாக நிறுத்தி அர்த்தம் சொன்னாள். எப்படிச் சொல்வேன்? நம் தெரு முழுசாக அதில் இருக்கிறது. துணி துவைக்கிற கடையில் நாணயம் விழுங்குகிற அந்த ஒரு மெஷின், சிறையிலிருந்து வரும் போனுக்காகப் பெண்கள் வரிசையில் நிற்கிற பே போன், சர்ச் பஸ் திரும்பும்போது பயந்து கத்துகிற நாய். எட்டு வருஷமாக இந்த ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறேன், இதில் பாதியை நான் பார்த்ததே இல்லை. வாசலில் பால் குடித்துக்கொண்டு பேசாமல் நின்றவன் அத்தனையையும் பார்த்திருக்கிறான். துப்பாக்கியும் வருகிறது, போலீஸைத் திட்டுவதும் வருகிறது. ஆனால் ஒரு பாட்டில் தன் அம்மா தலை வாரிக்கொள்வதைப் பற்றிச் சொல்கிறான் பாருங்கள், நான் கல்லாவுக்கு அடியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இன்னொன்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் எதிர் பஸ் ஸ்டாப்பில் ஒருவனைச் சுட்டார்களே, நாம் ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோமே, அது மார்லனின் அண்ணனாம். எனக்குத் தெரியவே தெரியாது அத்தான். மறுநாள் காலையிலும் வந்து பால் வாங்கினான். நானும் எப்போதும்போல் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டேன். அவன் முகத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பதினாலு பாட்டில் ஒன்பதாவதை மட்டும் ஓவியா போடமாட்டேன் என்கிறாள். "இட்ஸ் நத்திங், அம்மா" என்று தாண்டிப் போகிறாள். ரொம்பக் கெட்ட வார்த்தையாக இருக்கும்.

லீஸ் பற்றி டிசம்பரில் பேசுவோம். சாப்பாட்டுக்கு ஃப்ரோஸன் பரோட்டாவையே நம்பி இருக்க வேண்டாம். பருப்புப்பொடி பார்சல் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள்
செல்வி


பார்சிப்பனி
19 செப்டம்பர் 1998

அன்புள்ள செல்விக்கு,

பருப்புப்பொடி வந்தது. டப்பா மூடி திறந்துபோய் பார்சல் முழுக்க மணம். தபால்காரர் என்ன என்று விசாரித்தார்.

அந்த ஒன்பதாவது பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்துவிட்டது. ஓவியா ஏன் போடவில்லை என்றும் புரிந்தது. யாரோ சொல்லி நீ கேட்பதைவிட நான் எழுதுவதே மேல்.

என் பக்கத்து மேஜையில் கர்ட்டிஸ் என்று ஒருவர் இருக்கிறார். நியூவார்க்கில் பிறந்து வளர்ந்த கறுப்பர், என் வயதுதான், அமைதியான மனிதர். ஆல்பத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். வாரப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள். ரேடியோவில் போடக்கூடாது என்று பெற்றோர் சங்கங்கள் ஒரு பக்கம் கூச்சல், இந்தப் பத்து வருஷத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை என்று விமர்சகர்கள் இன்னொரு பக்கம். எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஒன்று அந்த ஒன்பதாவது பாட்டு. ஆல்பத்தின் உயிரே அதுதான் என்று எழுதியிருக்கிறார்கள்.

அது உன்னைப் பற்றியது, செல்வி.

கர்ட்டிஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அண்ணன் செத்த மறுநாள் காலை. இவன் நம் போர்டுக்குக் கீழே, நிற்காதே என்று எழுதியிருக்கிற இடத்தில், கடை திறக்கக் காத்து நிற்கிறான். கண்ணாடிக்குப் பின்னால் கடைக்கார அம்மாள். ராத்திரியெல்லாம் மாவு மூட்டை தூக்கிச் சம்பாதித்த ஒரு டாலரை நீட்டுகிறான். அவள் வாங்கி இந்தக் கண்ணுக்கு நேராக ஒரு தடவை, அந்தக் கண்ணுக்கு நேராக ஒரு தடவை கொண்டுபோகிறாள், கள்ள நோட்டா என்று பார்க்க. ஒரு டாலரை எவனாவது கள்ள நோட்டு அடிப்பானா என்று கேட்கிறான். அடுத்து நிற்கிறவனின் நோட்டை அவள் பார்க்கக்கூட இல்லையாம். என் நோட்டை மட்டும், தினமும், நாலு வருஷமாக என்கிறான். என் அண்ணன் ரத்தம் ரோட்டில் காயவில்லை, அன்றைக்கும் அவள் என் டாலரைச் சோதித்துத்தான் பால் கொடுத்தாள் என்று முடிகிறது.

கர்ட்டிஸ் சொல்லி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைக் கேட்ட ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு கடை ஞாபகம் வரும்" என்றார். அந்தக் கடை என்னுடையது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. அவன்மேல் கொதிக்கிறது. நீ சாமி பிரசாதம்போல வாங்கினதை இப்படி ஆக்கிவிட்டானே! ஆனால் இதை லட்சக்கணக்கானவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? அட்டையில் நம் சுவர் இருக்கிறது. கடை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். இனி அங்கே இருக்காதே. கந்தசாமிக்குப் போன் பண்ணட்டுமா?

உன்
குமாரசாமி


ஹூஸ்டன்
11 அக்டோபர் 1998

அத்தானுக்கு,

கடிதம் படித்தேன். ஓவியாவைக் கூப்பிட்டு "போடு அந்தப் பாட்டை" என்றேன். அவள் அழுதாள். "அம்மா, ஹி டஸின்ட் நோ யூ" என்றாள். நான் அழவில்லை. மூன்று தடவை போடச்சொல்லிக் கேட்டேன். மூன்றாவது தடவைதான் அழுகை வந்தது.

என்ன மாதிரிப் பாட்டு அத்தான் அது! அதில் பின்னணி இசையே கிடையாது, கவனித்தீர்களா? நம் கடைக் கதவின் மணிச்சத்தமும் ஃப்ரீஸரின் உறுமலும் மட்டும். கத்தாமல், பக்கத்தில் நின்று பேசுவதுபோலச் சொல்கிறான். என்னைத் திட்டுகிற பாட்டு என்று தெரிந்தும் என்னால் நிறுத்தச் சொல்ல முடியவில்லை. என் வளையல் நிறம்கூட அதில் வருகிறது. என்னை இத்தனை உன்னிப்பாக ஒருவரும் பார்த்ததில்லை, நீங்கள் உட்பட. பார்த்தது எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் தப்பு, அந்த ஒன்றிலேயே பாட்டு நிற்கிறது.

நீங்கள் அவன்மேல் கொதிக்க வேண்டாம். யோசித்துப் பாருங்கள். மூலைக் கடைக்காரன் இந்தத் தெருப் பிள்ளைகள் கொடுக்கிற ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பேனாவால் கோடு போட்டுச் சோதிக்கிறான். மார்லன் எந்தக் கடைக்குள் போனாலும் திருடுவானோ என்று பின்னாலேயே ஒருவன் வருகிறான். வெளியே போர்டு நிற்காதே என்கிறது. உள்ளே ஒருத்தி நோட்டைக் கண்ணருகே கொண்டுபோகிறாள். அவன் வேறு என்னவென்று நினைப்பான்? உள்ளே நான் அவனுக்காகக் காத்திருந்தேன், வெளியே அவன் எனக்காகக் காத்திருந்தான், நடுவில் உங்கள் போர்டு.

பையன்கள் வருகிறார்கள். நோட்டை ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் காட்டிவிட்டு, சிரித்து, கவுன்ட்டரில் வீசுகிறார்கள். வழக்கமாக வருகிறவர்களில் பாதிப்பேர் மூலைக் கடைக்குப் போகிறார்கள். சுவரில் எதையோ எழுதினார்கள், ஓவியா பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன். ஒரு வாரம் போணி மதியம் வரை ஆகவில்லை. ஆகும்போதும் அந்த நோட்டைக் கண்ணில் ஒற்ற எனக்குக் கை வரவில்லை. அப்படியே கல்லாவில் போட்டுவிடுகிறேன். என் அப்பா இருந்தால் கடையை மூடு என்பார்.

மூடலாம்தான். ஆனால் இப்படியே மூடிவிட்டு அங்கே வந்துவிட்டால் அந்தப் பாட்டு சொல்வது உண்மையாகிவிடும் அத்தான். ஓடிப்போனாள் என்று ஆகிவிடும். அவனிடம் ஒரு தடவை சொல்லியாக வேண்டும். அவன் நம்பினாலும் சரி, காறித் துப்பினாலும் சரி. சொல்லாமல் நான் இந்த ஊரை விட்டு அசையமாட்டேன். கந்தசாமியிடம் அப்படியே சொல்லுங்கள்.

செல்வி


பார்சிப்பனி
2 நவம்பர் 1998

செல்விக்கு,

அவன் இப்போது பெரிய ஆள். எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியாது, சுற்றிலும் பத்துப் பேர். உன்னைக் கிட்டே விடமாட்டார்கள். விட்டாலும் கூட்டத்தின் நடுவே உனக்கு அவமானம்தான் மிஞ்சும். உன் மானத்தைவிட எனக்கு அந்தப் பாட்டு பெரிதில்லை.

லீஸ் தாள் வந்ததா? கையெழுத்துப் போட்டுவிட்டாயா, இல்லையா? இதை மட்டும் எழுது.

குமாரசாமி


ஹூஸ்டன்
28 நவம்பர் 1998

அன்புள்ள அத்தானுக்கு,

லீஸ் தாள் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. இனி நான் சொல்வதைக் கேளுங்கள்.

நேற்று, தாங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள், மார்லன் இங்கே ஒரு மியூசிக் கடைக்கு வருகிறான், அவன் கையாலேயே ஆல்பம் விற்றுக் கையெழுத்துப் போட்டுத் தரப்போகிறான் என்று ஓவியா சொன்னாள். கடையைப் பூட்டினேன். பண்டிகைச் சேலை கட்டிக்கொண்டேன். கடை திறப்பதற்கு வெகு முன்னாலேயே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். எனக்குப் பின்னால் ஓவியா, அவளுக்குப் பின்னால் தெரு திரும்பி மறையும் வரைக்கும் பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "யோ, அது அந்த ஸ்டோர் லேடி!" என்று ஒருவன் கத்தினான். போன்களை எடுத்துப் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒரு பெண் என் முன்னால் வந்து நோட்டைக் கண்ணுக்கு நேரே ஆட்டிக் காட்டினாள். ஓவியா "அம்மா, லெட்ஸ் கோ" என்று கையைப் பிடித்து இழுத்தாள். கையை விடுவித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

கதவு திறந்தது. மேஜைக்குப் பின்னால் மார்லன். முகம் மாறவில்லை, கொஞ்சம் இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். நான் ஒரு ஆல்பத்தை எடுத்து வைத்து, இருபது டாலரை நீட்டினேன்.

வாங்கினான். என்னையே பார்த்துக்கொண்டு, மெதுவாக அதை ஒரு கண்ணுக்குக் கொண்டுபோனான். அப்புறம் மறு கண்ணுக்கு.

அத்தான், கூட்டம் எழுப்பின சத்தத்தில் கூரை அதிர்ந்தது. எனக்கு மட்டும் என்ன தோன்றியது தெரியுமா? நல்லது, பிள்ளை போணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான் என்று தோன்றியது. பழக்கம்! கை தானாகக் கும்பிடப் போய்விட்டது.

"கரெக்ட், மார்லன். அப்படித்தான் செய்யணும்" என்றேன்.

"வாட்?" என்றான்.

என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். இருந்ததை வைத்துச் சொன்னேன். "இதுதான் இன்னிக்கு உனக்கு வந்த முதல் காசு. முதல் காசை எங்க ஊர்ல சாமியத் தொடுற மாதிரித் தொட்டு, ரெண்டு கண்ணுலயும் வச்சுக்குவோம். கெட்ட காசை யாரும் கண்ணுல வைக்க மாட்டாங்க. நாலு வருஷம் என் கடையில முதல் காசு உன்னோடது. நீ வர லேட்டானா நான் யாருக்கும் விக்க மாட்டேன். உன் கை நல்ல கை."

கூட்டம் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அவன் ஒரு கையைத் தூக்கினான். எல்லாம் அடங்கிவிட்டது. அந்த அமைதியைப் போல ஒன்றை நான் கோயிலில்கூடக் கேட்டதில்லை.

"எவ்ரி மார்னிங்?" என்று கேட்டான்.

"எவ்ரி மார்னிங். காபிக்கு வர்ற கிழவர் கத்துவாரே, ஞாபகம் இருக்கா? மெஷின் நாட் ரெடின்னு சொல்வேன். மெஷின் ரெடியாத்தான் இருக்கும். நீதான் வந்திருக்க மாட்டே."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "என் அண்ணன் போன மறுநாளும்?" என்றான்.

"அன்னிக்கும். அண்ணன்னு எனக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சிருந்தா காசு வாங்கியிருக்க மாட்டேன்."

பக்கத்தில் இருந்த மேனேஜர் வரிசை நகரட்டும் என்று அவன் தோளைத் தட்டினார். அவன் அசையவில்லை. "மேம், அந்தப் பாட்டு போயிடுச்சு. இனி என்னால திருப்பி எடுக்க முடியாது" என்றான்.

"எடுக்காதே. நல்ல பாட்டு. ஒரு வரிதான் தப்பு. அது உன் தப்பு இல்ல, நான் ஒரு நாளும் உன்கிட்ட வாயத் திறந்து சொல்லலையே" என்றேன்.

ஆல்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். டெட்போல்ட் என்று எழுதவில்லை. மார்லன் என்று எழுதியிருக்கிறான். என் இருபது டாலரை டிராயரில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வெளியே வரும்போது பிள்ளைகள் வழிவிட்டார்கள். ஓவியா காரில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் தமிழில் பேசினாள் அத்தான்! "அம்மா, நீ பெரிய ஆளு" என்றாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. கடையில் கூட்டம் திரும்பவில்லை, திரும்புமா என்றும் தெரியவில்லை. எனக்கு இனிப் பிடிவாதம் இல்லை. இந்தக் கடையை உண்டாக்கினவள் நான், விடுவதென்றால் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் இல்லாமல் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் எழுதித்தானே ஆக வேண்டும். தாள் மேஜைமேல் வெறுமையாகவே கிடக்கிறது. கந்தசாமியிடம் பேசுங்கள். நீங்கள் சொல்கிற இடத்துக்கு வருகிறேன்.

உங்கள்
செல்வி


பார்சிப்பனி
12 டிசம்பர் 1998

என் அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. கடிதத்தைக் கர்ட்டிஸுக்குப் படித்து, அர்த்தம் சொன்னேன். அந்தக் கடை எங்களுடையது என்பதையும் சொன்னேன். அவர், "வெள்ளிக்கிழமை அவன் இங்கே பாடுகிறான். நாம் போகிறோம்" என்றார்.

நேற்று போனேன். நான், ஆபீஸ் சட்டையோடு, காதில் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி அடைத்துக்கொண்டு! அத்தனை பெரிய ஹால். ஆயிரமாயிரம் பேர், எல்லோரும் நம் ஓவியா வயது, இல்லையென்றால் கொஞ்சம் கூட. மேடைக்குப் பின்னால் திரையில் நம் சுவர் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிறது. என் எழுத்து, அந்தக் கடைசி எழுத்து தொங்கிக்கொண்டு. பாட்டுகள் இடி மாதிரி இறங்குகின்றன. பிள்ளைகள் ஒரு வார்த்தை விடாமல் கூடவே சொல்கிறார்கள். நான் பயந்துதான் போனேன். ஆனால் பயத்தோடு பயமாக, நீ சொன்ன அந்தத் தெரு என் கண்முன்னால் வந்துவிட்டது. அந்தத் தெருவில் நானும் ஏழு வருஷம் இருந்தேன் என்பதே அங்கே போய்த்தான் எனக்கு உறைத்தது.

ஒன்பதாவது பாட்டு. விளக்கெல்லாம் அணைந்து, கடைக் கதவின் மணி மட்டும் கேட்டது. முழுப் பாட்டையும் சொன்னான், ஒரு வரி மாற்றவில்லை. "அன்றைக்கும் அவள் என் டாலரைச் சோதித்தாள்" என்ற இடத்தில் கூட்டம் வழக்கம்போல உறுமியது. அவன் கையைத் தூக்கினான்.

"இந்த வரியை நான் தப்பாக எழுதிவிட்டேன்" என்றான்.

அவ்வளவு பெரிய ஹாலில் ஒரு இருமல் சத்தம் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். அது உன் இருபது டாலர்தான் என்று நினைக்கிறேன். ஹூஸ்டனில் ஒரு கடைக்கார அம்மாள் இருக்கிறாள் என்றான். அவள் ஊரில் நாளின் முதல் காசைக் கடவுளைப்போலக் கண்ணில் வைத்துக்கொள்வார்கள் என்றான். "ஹூஸ்டனில் என் கைக் காசை எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். ஒருத்தி அதைக் கும்பிட்டிருக்கிறாள். நான் போர்டுக்குக் கீழே நின்றேன், எனக்குத் தெரியவில்லை." அப்புறம், "யாரிடம் ஒரு டாலர் இருக்கிறதோ, எடுங்கள்" என்றான்.

செல்வி, இதை நான் எப்படி எழுதுவேன்? இருட்டில் ஹால் முழுக்கக் கைகள் உயர்ந்தன. அவன் தன் நோட்டை ஒரு கண்ணில் ஒற்றினான். ஆயிரமாயிரம் கைகள் ஒற்றின. மறு கண்ணில் ஒற்றினான். அவர்களும் ஒற்றினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. உன் அப்பா விருதுநகர்க் கல்லாவுக்குப் பின்னால் நின்று செய்ததை, நான் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று உன்னிடம் கேலி பேசியதை, நியூ ஜெர்ஸியில் அத்தனை பிள்ளைகள் செய்தார்கள். பக்கத்தில் கர்ட்டிஸ் செய்தார், கன்னத்தில் தண்ணீர். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பர்ஸைத் தேடி எடுத்து நானும் ஒரு டாலரை எடுத்தேன். ஒற்றிக்கொண்டேன்.

உன்னோடு இருபது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், நீ யார் என்று நேற்றுத்தான் பார்த்தேன்.

கந்தசாமியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லீஸில் கையெழுத்துப் போடு. ஐந்து வருஷத்துக்கும் போடு. என் கான்ட்ராக்ட் ஜனவரியோடு முடிகிறது, புதுசில் சேரப்போவதில்லை. ஹூஸ்டனிலும் பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, அங்கேயும் 2000 வரத்தான் போகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் போர்டை நான் வந்து அழித்துவிடுகிறேன். ஆல்பத்தின் அட்டையில் இருந்துவிட்டுப் போகட்டும், நம் சுவரில் வேண்டாம்.

என்றும் உன்
குமாரசாமி


ஹூஸ்டன்
21 டிசம்பர் 1998

என் அத்தானுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோட்டில் இடம் போதாமல், உங்கள் எழுத்தைப்போலவே கடைசி எழுத்து கீழே இறங்கிவிட்டது.

மார்லன் மேடையில் சொன்னது இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது, பிள்ளைகள் திரும்ப வருகிறார்கள். இப்போது நோட்டை வீசுவதில்லை. நான் முதலில் வந்தவனின் நோட்டைக் கண்ணில் ஒற்றும் வரை காத்திருந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் சாமான் கேட்கிறார்கள். யார் முதல் ஆள் என்று விடியற்காலையில் வாசலில் சண்டை வேறு. போன செவ்வாய்க்கிழமை மார்லனே வந்தான். கூட ஒருவரும் இல்லை. ஒரு பால், ஒரு ஹனி பன். ஒரு டாலரை நீட்டிவிட்டு, நான் கண்ணில் ஒற்றுவதை முழுசாகப் பார்த்தான். நானும் இந்தத் தடவை அவன் முகத்தைப் பார்த்தேன்.

போர்டை அழிக்க அவசரப்படாதீர்கள். நீங்கள் வருகிற அன்றைக்கு அது எனக்கு வேண்டும்.

ஏர்போர்ட்டிலிருந்து நேரே கடைக்கு வாருங்கள், திறப்பதற்கு முன்னால். மார்லனிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன், அன்று காலை யாரும் வரமாட்டார்கள். பாட்டரியோ பாலோ, உங்கள் இஷ்டம், சில்லறையாக ஒரு டாலர் மட்டும் கையில் வைத்திருங்கள். ஃப்ரீஸர் கெட்டால் கெட்டுப்போகட்டும். போர்டுக்குக் கீழே வந்து நில்லுங்கள். நான் உள்ளே காத்திருப்பேன்.

உங்கள்
செல்வி